க்ளெனிஸ் சொல்லாத ஆறு பெயர்கள்

ஹார்க்லியில் க்ளெனிஸ் ஆக்டனைச் சூனியக்காரி என்று தூற்றியவர்களில் பாதிப் பேர் அவள் கையால் துணி துவைத்து வாங்கிக்கொண்டு போனவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் தீராது.

சந்தைத் தெரு முனையில் இருந்த லாண்டரிக் கடை அவள் பொறுப்பில் இருந்தது. பதினோரு மெஷின்கள், அதில் இரண்டு எந்நேரமும் மக்கர். பஞ்சாலைகள் மூடியபின் அந்த ஊரில் மிச்சமிருந்தது மழையும் ஈரத்துணியும்தான் என்பதால் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. யார் வீட்டுப் படுக்கை விரிப்பில் என்ன கறை, எந்தச் சட்டைக் காலரில் எந்த நிற உதட்டுச்சாயம் என்று க்ளெனிஸுக்கு அத்தனையும் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள். கறையை எடுப்பாள், மடித்துக் கொடுப்பாள், மழையைத் திட்டுவாள். அவள் வாயைப் பிடுங்கப் பார்த்துத் தோற்றவர்கள் நிறைய.

புருஷன் வடகடலில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், அந்தப் பக்கமே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அப்போது மகள் ப்ரையனிக்குப் பதினோரு மாதம். க்ளெனிஸ் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் தொட்டிலைக் கடைக்குள் கொண்டுவந்து உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டாள். கதகதப்பான இடம், பிள்ளை நன்றாகத் தூங்கியது.

மார்ஜரி டாட்டர்சால் அந்தக் கடைக்குள் வந்தது ப்ரையனிக்கு இரண்டு வயதானபோது. தபால் அலுவலகக் கவுன்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம். பையைக் கவிழ்த்தாள். ஆறு வெள்ளை அங்கிகள், எல்லாவற்றின் முன்பக்கத்திலும் மெழுகு ஒழுகிக் காய்ந்திருந்தது.

"சர்ச்சுல பாடுறவங்களோடதா?" என்று கேட்டாள் க்ளெனிஸ்.

"பாடுறது உண்டு. சர்ச்சுல இல்ல" என்றாள் மார்ஜரி.

க்ளெனிஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. மெழுகைக் கத்தியால் சுரண்டாமல், பழுப்புக் காகிதத்தை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒத்தி எடுத்தாள். மெழுகெல்லாம் காகிதத்துக்கு வந்துவிட்டது. மாதம் தவறாமல் அங்கிகள் வந்தன, மாதம் தவறாமல் முழுநிலவுக்கு மறுநாள். இவள் கவனித்தாள், வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து மார்ஜரியே பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"ஏம்மா, உனக்கு எதுவுமே கேக்கத் தோணாதா? நான் என்ன எழவு பண்றேன்னு நெனச்சிட்டிருக்க?"

"மெழுகுவத்திக்குக் கீழ ஒரு தட்டு வெச்சா நல்லாருக்கும்னு நெனச்சிட்டிருக்கேன்."

மார்ஜரி சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் டீ குடிக்க வீட்டுக்கு அழைத்தாள்.

பில்லி ஏவுவார்கள், செய்வினை வைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் மார்ஜரியின் முன்னறையில் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். விக்கா என்பது அவர்கள் மதத்தின் பெயர். முழுநிலவன்று நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வட்டம் போடுவார்கள். காற்று, தீ, நீர், மண் என்று நாலு திசைக்கும் ஒரு மெழுகுவத்தி. ஒரு தேவி, ஒரு தேவன். தேவிக்கு நிலா, தேவனுக்கு மான்கொம்பு. கொம்பைப் பார்த்ததும் சாத்தான் என்று அலறுகிறவர்களை மார்ஜரிக்குக் கண்டாலே ஆகாது. "சாத்தான் அவங்க கடைச் சரக்கு. நம்ம கடையில அவன் கெடையவே கெடையாது" என்பாள். வருடத்துக்கு எட்டுத் திருநாள். தேவன் அறுவடையோடு சாவான், குளிர்காலத்தின் நடுவில் மறுபடி பிறப்பான். மனிதர்களும் அப்படித்தான், செத்துக் கோடை நாடு என்ற ஓர் இடத்தில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வேண்டியவர்களிடையே திரும்பப் பிறப்பார்கள். எல்லாம் முடிந்ததும் கேக்கைப் பிட்டு, ஒயினை ஒரே கோப்பையில் சுற்றிவிட்டு, நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு டெஸ்மண்டின் முட்டிவலியைப் பற்றிப் பேசுவார்கள். டெஸ்மண்ட் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். அங்கே அவர்தான் பூசாரி, மார்ஜரி பூசாரிணி.

சட்டம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். யாருக்கும் தீங்கு செய்யாதே, அதன்பின் உன் இஷ்டம்போல இரு. நீ வெளியே அனுப்புவது நல்லதோ கெட்டதோ, மூன்று மடங்காக உன்னிடமே திரும்பும். பிறகு சத்தியம் ஒன்று. நீ விக்காகாரி என்று நீ வேண்டுமானால் தெருவில் நின்று கூவிக்கொள்ளலாம். வட்டத்தில் உன்னோடு நின்ற இன்னொருவர் பெயரை உயிரே போனாலும் சொல்லக் கூடாது.

க்ளெனிஸ் ஒரு வருடமும் ஒரு நாளும் காத்திருந்து சேர்ந்தாள், அதுதான் முறை. மார்ஜரியின் சடங்குப் புத்தகத்தைக் கடை கவுன்ட்டரில் உட்கார்ந்து பிழையில்லாமல் கையால் நகல் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கூட அவள் அவ்வளவு எழுதியதில்லை. புருஷன் போனபின் தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, கையைப் பிடித்துக்கொள்ள ஆறு பேர் கிடைத்தார்கள். மார்ஜரி, டெஸ்மண்ட், பூக்கடை நடத்தும் கணவன் மனைவி, ஒரு நர்ஸ், தொடக்கப்பள்ளி ஆசிரியர் காலின் எண்ட்விசில். அவள் வாழ்க்கையின் நல்ல காலம் அதுதான். மூன்று வருடம் இருந்திருக்கும்.

தொண்ணூறாம் வருடம் பிப்ரவரியில் வட்டத்தில் அவளுக்கு இரண்டாம் படி ஏற்றம். அதற்குச் சடங்கு பெரியது. அன்று சாயங்காலம் ப்ரையனியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு வட்டத்தில் இடம் கிடையாது, பதினெட்டு முடிந்தால்தான். க்ளெனிஸ் ஏழரை வயது மகளை மார்ஜரி வீட்டு மாடியில் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்தாள். பிள்ளைக்குத் தாகம் எடுத்திருக்கிறது. படிக்கட்டில் இறங்கிப் பாதியில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே பார்த்திருக்கிறது. அம்மாவின் கண்ணைக் கட்டியிருந்தார்கள், கைகளைக் கயிற்றால் பின்னால் கட்டியிருந்தார்கள். டெஸ்மண்ட் கறுப்புப் பிடி போட்ட கத்தியை அம்மாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டியிருந்தார். அந்தக் கத்தி வெண்ணெயைக் கூட வெட்டாது. வெட்டுவதற்கு என்று அது இல்லவே இல்லை, காற்றில் வட்டம் வரையத்தான். பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை தோசைக்கல் போன்ற சட்டியில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ப்ரையனி கேட்டாள்.

"அம்மா, அவங்க உன்ன ஏன் கட்டினாங்க?"

க்ளெனிஸ் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னாள். "கண்ணாமூச்சியில கண்ணக் கட்டுவோம்ல, அந்த மாதிரி. அம்மா அவங்கள எவ்வளவு நம்புறேன்னு பாக்கறது. அவுத்து விட்டதும் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சாங்க, அதப் பாக்கலையா நீ?"

"அதுக்குள்ள ஓடிப் போயி படுத்துட்டேன்."

"பயந்துட்டியா கண்ணு?"

"கொஞ்சோண்டு. அங்க மிஸ்டர் எண்ட்விசில் இருந்தாரு! எங்க ஸ்கூல் மிஸ்டர் எண்ட்விசில்! டிரஸ் மாதிரி போட்டுக்கிட்டு!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அங்கேதான் க்ளெனிஸ் அந்தத் தவறைச் செய்தாள். வேறு எந்தத் தாயும் செய்திருக்கமாட்டாள். மகளின் கையை எடுத்து மகளின் நெஞ்சிலேயே வைத்தாள்.

"இங்க பாரு. அம்மாவப் பத்தி நீ என்ன வேணா சொல்லு, யார்கிட்ட வேணா சொல்லு. அங்க இருந்த மத்தவங்க பேர மட்டும் யாருக்கும் சொல்லக் கூடாது. அது அவங்களோடது, நம்முளது இல்ல. சத்தியமா?"

"யாரு கேட்டாலுமா?"

"யாரு கேட்டாலும்."

"சத்தியமா" என்றாள் ப்ரையனி. பெரியவர்கள் விஷயம் ஒன்று தன் கைக்கு வந்துவிட்டதில் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மார்ச்சில், அங்கே அப்போதுதான் வரும் அன்னையர் தினத்துக்கு அம்மாவைப் படம் வரையச் சொன்னார்கள் பள்ளியில். ப்ரையனி வரைந்தாள். கண் கட்டிய அம்மா, கை கட்டிய அம்மா, எதிரே கத்தி, சுற்றிலும் வெள்ளை அங்கியில் ஆறு பேர். ஆறு பேருக்கும் முகம் வரையாமல் விட்டிருந்தாள். சத்தியம் செய்த பிள்ளை அல்லவா, முகமும் பெயர் மாதிரிதான் என்று அவளாகவே முடிவு செய்திருக்கிறாள்.

அந்த வருடம் பத்திரிகைகளைத் திறந்தால் இதே பேச்சு. சாத்தான் கூட்டம் பிள்ளைகளைப் பலி கொடுக்கிறது, இந்த ஊரில் பத்துப் பிள்ளைகள், அந்த ஊரில் இருபது. எழுதியவர்கள் யாரும் ஒரு பிணத்தைக் காட்டவில்லை, படித்தவர்கள் யாரும் கேட்கவுமில்லை. ஆசிரியை படத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தாள், அவர் சமூக நலத்துறைக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு போலீஸ்காரர்களும் இரண்டு அதிகாரிகளும் கதவைத் தட்டினார்கள். ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்த ப்ரையனியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். "எம்புள்ளைக்கு இன்னொரு சாக்ஸ், இன்னொரு சாக்ஸ்" என்று கத்திக்கொண்டே க்ளெனிஸ் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். கார் போய்விட்டது. அவள் நகல் எடுத்த புத்தகத்தையும் அவளுக்கென்று இருந்த கத்தியையும் அங்கியையும் பிளாஸ்டிக் பைகளில் போட்டுச் சீல் வைத்தார்கள்.

டாக்டர் பரிசோதித்தார். பிள்ளை உடம்பில் ஒரு கீறல் இல்லை. கீறல் இல்லாததற்கும் அவர்களிடம் ஒரு விளக்கம் இருந்தது, பயிற்சி பெற்றவர்கள் தடயம் விடமாட்டார்களாம்.

விசாரித்த அதிகாரி பெயர் ஜானிஸ் பில்லிங். கெட்டவள் இல்லை, அதுதான் கொடுமை. தூக்கமில்லாத கண்களோடு, பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று மனதார நம்பி உட்கார்ந்திருந்தாள்.

"மிஸஸ் ஆக்டன், நீங்க சாத்தானக் கும்புடுறீங்களா?"

"இல்லங்க. எங்களுக்கு அப்படி ஒருத்தர் கெடையாது."

"கத்தி எதுக்கு?"

க்ளெனிஸ் சொன்னாள். கயிறு எதுக்கு என்றும் சொன்னாள். தேவி, தேவன், நிலா, கேக் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். தன்னைப் பற்றிச் சொல்வதற்கு அவளுக்குத் தடை ஏது?

"சரி. அந்த ரூம்ல வேற யாரெல்லாம் இருந்தாங்க?"

க்ளெனிஸ் வாயை மூடிக்கொண்டாள்.

"யார் வீடு அது?"

க்ளெனிஸ் தலையாட்டி மறுத்தாள்.

"ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஏம்மா ஒளிக்கறீங்க?" என்று கேட்டாள் ஜானிஸ். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதற்குத் தன்னிடமிருந்த பதில் அந்த அறைக்குள் எடுபடாது என்று க்ளெனிஸுக்கே தெரிந்தது.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் டக்வொர்த் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். "அன்னிக்கு அங்க இருந்த ஒரே ஒரு ஆள், வேலை வெட்டி உள்ள ஒரு ஆள், ஜட்ஜ் முன்னாடி நின்னு நடந்தது இதுதான்னு சொல்லட்டும். புள்ள மாடியில படுத்திருந்தா, யாரும் தொடல, அவ்வளவு போதும். ஒரே ஒரு ஆள். அது இல்லாம நான் எத வெச்சு வாதாடுறது, உங்க லாண்டரி ரசீதையா?"

க்ளெனிஸ் மார்ஜரியிடம் ஓடினாள். மார்ஜரி மற்ற ஐந்து பேரையும் சமையலறையில் கூட்டினாள். டீ ஊற்றினாள், இஞ்சிக் கேக்கை வெட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை.

"நான் உங்க பேரச் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றாள் க்ளெனிஸ். "நீங்களா வந்து சொல்லுங்க. ஒருத்தராவது. எம்புள்ள என்கிட்ட வந்துரும்."

டெஸ்மண்ட் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "என் பொண்டாட்டி மெத்தடிஸ்ட் சர்ச்சுல ஆர்கன் வாசிக்கறவம்மா. மாசத்துல ஒரு ராத்திரி நான் டார்ட்ஸ் ஆடப் போறேன்னு நெனச்சிட்டிருக்கா. இருபத்தாறு வருஷமா."

பூக்கடைக்காரர்கள் கல்யாண சீசன் என்றார்கள். நர்ஸ் அழுதாள், அழுகை ஒரு பதிலாகிவிட்டது. காலின் எண்ட்விசில் எழுந்து நின்றான்.

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க க்ளெனிஸ். ஆறு வயசு, நாலு வயசு. நான் போயி அந்த ரூம்ல இருந்தேன்னு சொன்னா, மறுநாள் காலையில ஏழு மணிக்கு என் கதவத் தட்ட மாட்டாங்கன்னு நீ எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு. இப்பவே உன்கூட வரேன்."

அவளால் சத்தியம் பண்ணிக் கொடுக்க முடியவில்லை. அப்படித்தான் தட்டுவார்கள் என்று அங்கே அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

"நீங்க, மார்ஜரி?" என்று கேட்டாள்.

மார்ஜரி அந்த வீட்டுக்குள் முதல் முறையாகக் கிழவி மாதிரித் தெரிந்தாள். "என் பையனுக்கு இதெல்லாம் தெரிஞ்சா பேரப்புள்ளைங்கள என் கண்ணுலயே காட்டமாட்டான் கண்ணு. தேவி உன்னக் கைவிடமாட்டா. நான் தெனமும் மெழுகுவத்தி ஏத்துறேன்."

"மெழுகுவத்தியா!" என்றாள் க்ளெனிஸ். எழுந்து வெளியே போனாள்.

அவள் அன்றைக்கே நேராகப் போய் ஆறு பெயரையும் ஜானிஸிடம் கொட்டியிருக்கலாம். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கொட்டியிருப்பார்கள், யாரும் குறை சொல்ல முடியாது. சமூக நலத்துறை வாசல்வரை அவள் இரண்டு முறை போனாள். இரண்டு முறையும், போர்வைக்குள் சுற்றிய காலினின் நாலு வயதுப் பிள்ளை கண்ணில் வந்து நின்றது. யாருக்கும் தீங்கு செய்யாதே. தன் பிள்ளைக்காக இன்னொருவரின் பிள்ளையைக் காருக்குள் ஏற்றிவிட்டால் அது மூன்று மடங்காக யார் தலையில் வந்து விழும்? ப்ரையனி தலையில்தானே? இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டாள்.

கோடை வந்தது. ஊர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது. கடைக் கண்ணாடியில் சிவப்பு பெயின்ட்டால் எழுதினார்கள். நேற்றுவரை உள்ளாடையைத் துவைக்கக் கொடுத்தவள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனாள். மீன் வறுவல் கடையில் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒருத்தி, "தொடப்பத்துல பறந்து வந்திருந்தா முன்னாடியே வந்திருக்கலாமே" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். கடை முதலாளி நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டார். "எனக்கு உன் மேல ஒண்ணும் இல்லம்மா, யாவாரம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

இதெல்லாம் அவளுக்கு உறைக்கவே இல்லை. வேறு ஒரு கணக்கு அவளை அரித்துக்கொண்டிருந்தது. மூன்று மடங்காகத் திரும்பும் என்றால், திரும்பி வந்தது இது என்றால், அனுப்பியது எது? எந்தப் பாவத்துக்கு இது மூன்று மடங்கு? புருஷனைச் சபித்த இரண்டு நாளா? பல் வலியில் அழுத பிள்ளையை ஒரு முறை அறைந்ததா? தேடித் தேடிப் பார்த்தாள். இவ்வளவுக்கு ஈடான எதுவும் கிடைக்கவில்லை. நிலா வளர்ந்தது, தேய்ந்தது. கொல்லைப்புறத்தில் நின்று அண்ணாந்து, "பொம்பளதானே நீயும்?" என்று கேட்டாள். மேகம் வந்து மூடியது, ஹார்க்லியில் வருடத்தில் முந்நூறு நாள் அப்படித்தான் மூடும்.

ஆகஸ்டில் மனநல நிபுணரின் அறிக்கை வந்தது. டக்வொர்த் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைத் தள்ளினார்.

"படிங்க. பதினாலாம் பக்கம்."

குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, பாடம் படிக்கிறது. தாயைப் பற்றிக் கேட்டால் ஆசையாகப் பேசுகிறது. அன்று யார் யார் இருந்தார்கள் என்று கேட்ட மாத்திரத்தில் உறைந்துபோகிறது, உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்கிறது. பதினேழு அமர்வுகளிலும் இதே நிலை. குழந்தைக்குக் கடுமையான மிரட்டல் விடுக்கப்பட்டிருப்பதை இந்த மௌனம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது.

க்ளெனிஸ் மூன்று முறை படித்தாள்.

"மிரட்டலா? ஐயோ, நாந்தாங்க சொன்னேன். சத்தியம் வாங்கினது நாந்தான். முட்டை சுட்டுக்கிட்டே!" என்று எழுந்துவிட்டாள். "சொல்லிரலாம்னு அவகிட்ட சொல்லுங்க. அம்மா சொல்லச் சொன்னான்னு சொல்லுங்க. பதினேழு தடவை உதட்டக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காளே பாவி மக!"

"நான் அந்தக் குழந்தைகிட்ட பேசவே கூடாது. நீங்க சத்தியம் வாங்குனீங்கன்னு கோர்ட்டுல சொன்னா, அவங்க சொல்றதத்தான் நீங்களும் சொல்றீங்கன்னு ஆயிரும்" என்றார் டக்வொர்த். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செப்டம்பர்ல உங்களுக்கு ஒரு மணி நேரம் பாக்க அனுமதி வாங்கியிருக்கேன். அதிகாரி கூடவே உக்காந்திருப்பாங்க. கேஸப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது, அதுதான் கண்டிஷன். மீறினா அதோட நின்னுடும். வெளங்குதா?"

விளங்கியது. இரண்டு வாரம் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் மறுபடி பார்க்கலாம், பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டே இருக்கும், தீர்ப்பு அதற்குத் தகுந்தபடி வரும். பேசினால் பிள்ளை விடுபடும், ஒருவேளை நம்புவார்கள், ஒருவேளை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு பேரையும் காலினின் பிள்ளைகளையும் நினைத்தாள். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டாள். சத்தியம் தன்னைக் கட்டுவதற்குத்தான், ஏழரை வயதைக் கட்டுவதற்கு அல்ல. இந்த எளிய விஷயம் அன்று காலை அடுப்படியில் ஏன் தன் மண்டையில் ஏறவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சமூக நலத்துறை அலுவலகத்து அறையில் மஞ்சள் சோபா, பெட்டி நிறைய யாரோ விளையாடிய பொம்மைகள். ஜானிஸ் ஜன்னலோரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ப்ரையனி உள்ளே வந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள், முன்பல் ஒன்று விழுந்து புதிதாக முளைத்திருந்தது. ஆறு மாதத்தில் ஒரு பல் விழுந்து இன்னொன்று வந்துவிட்டது, க்ளெனிஸ் இரண்டையும் பார்க்கவில்லை.

பிள்ளை ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. காதோடு வாயை வைத்தது. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளின் ரகசியம் தெருக்கோடி வரை கேட்கும்.

"அம்மா, நான் ஒருத்தர் பேரும் சொல்லல. ஒருத்தர் கூட! அவங்க எத்தன வாட்டி கேட்டாங்க தெரியுமா? சாக்லெட்டெல்லாம் குடுத்தாங்க."

ஜன்னலோரத்தில் பேனா ஓடியது.

ப்ரையனி விலகி நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சபாஷ் என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். உதட்டின் உள்பக்கம் கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது.

"இப்ப வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

க்ளெனிஸ் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, இங்க பாரு. நீ சொல்லலாம். எல்லாப் பேரையும் சொல்லிரு. அம்மா சொல்றேன். சத்தியத்த நான் திரும்ப எடுத்துக்கிட்டேன், ஒண்ணும் ஆகாது, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. சொல்லும்மா தங்கம்."

"மிஸஸ் ஆக்டன், நிறுத்துங்க" என்றாள் ஜானிஸ்.

"அவகிட்ட கேளுங்க, இப்பவே கேளுங்க! சொல்லு ப்ரையனி! யாரெல்லாம் இருந்தாங்க?"

ப்ரையனி அம்மாவைப் பார்த்தாள், ஜானிஸைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். அம்மா இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. ஆறு மாதமாகத் தன்னிடம் கேட்ட அதே கேள்வியை இப்போது அம்மாவின் வாயால் கேட்கிறார்கள் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"மாட்டேன்."

"ப்ரையனி!"

"அவங்க உன்ன சொல்ல வெக்கறாங்க. எனக்குத் தெரியும். நீ பயப்படாதம்மா, நான் சொல்லமாட்டேன்."

ஜானிஸ் எழுந்து வந்து பிள்ளையின் தோளில் கை வைத்தாள். க்ளெனிஸ் தரையில் மண்டியிட்டு, "மார்ஜரி டாட்டர்சால்! காலின் எண்ட்விசில்! டெஸ்மண்ட்..." என்று ஒவ்வொன்றாகக் கூவினாள். ஆறு பெயரையும் கூவினாள். ப்ரையனி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அப்படியே அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யார் கதவையும் யாரும் தட்டவில்லை. அப்படி ஒரு பெண்ணை லாண்டரிக் கடையில் பார்த்ததோடு சரி என்று ஆறு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற தபால் ஊழியர், பள்ளி ஆசிரியர், பூக்கடைக்காரர்கள், எல்லோரும் மதிப்பானவர்கள். வழக்கைத் திசைதிருப்பத் தாய் கடைசி நேரத்தில் கண்டவர் பெயரையும் இழுக்கிறாள் என்று நீதிபதி குறித்துக்கொண்டார். சந்திப்பில் தாய் குழந்தையை வற்புறுத்தியதையும், குழந்தை காதைப் பொத்தி நடுங்கியதையும் ஜானிஸின் குறிப்பிலிருந்து வாசித்தார். ப்ரையனியைத் தத்துக் கொடுக்க உத்தரவானது, இனிச் சந்திப்பு கிடையாது.

தீர்ப்புக்குப் பின் டக்வொர்த் அவளைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். வேறு மாவட்டத்தில் நல்ல குடும்பம் ஒன்று கிடைத்திருக்கிறது, தோட்டம் இருக்கிறது, ஒரு நாய் இருக்கிறது என்றார்.

"அவங்க பேரு என்னங்க?" என்று கேட்டாள் க்ளெனிஸ். "எம்புள்ளைய யாரு வளக்கறாங்கன்னு பேராவது தெரிஞ்சுக்கறேனே."

வக்கீல் கோட்டுப் பையில் கண்ணாடியைத் தேடினார். அது அவர் முகத்தில்தான் இருந்தது.

"அத உங்களுக்குச் சொல்லக் கூடாதும்மா" என்றார்.